முன்கட்டை இல்லாத நாற்காலி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா, "ம்". குளிர் தாங்குகிறதா, "ம்". கடல் தாண்டிப் போனவனிடம் ஒரே ஓர் எழுத்தை வாங்கிக்கொண்டு போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம். காகிதத்தில் அந்த ஓர் எழுத்தை மட்டும் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

உன் அத்தான் உன்னை நினைக்காத நாளில்லை. நேற்றுகூடப் பழைய கதையைச் சொல்லிச் சிரித்தார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்து, இதே மாதிரி ஆறு வேண்டும் என்றாரே, நினைவிருக்கிறதா? அதில் ஒரு கால் தேய்ந்து கட்டையாகியிருந்தது. நீ ஆறு செய்தாய். ஆறும் ஆடின.

"ஏன்டா மச்சான், அந்தக் கால் கட்டையா இருந்ததைக் கவனிக்கலியா?"

"கவனிச்சேன் அத்தான். மாதிரியில அப்படித்தானே இருந்துச்சு?"

அன்றைக்கு உனக்கு வைத்த பெயர்தான் 'அச்சு'. அளவு தப்பாத கை என்று சொல்லித்தான் உன்னை அந்த ஊர்ப் பட்டறைக்கு எடுத்தார்கள். கையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கண்ணுக்கும் அங்கே வேலை கொடு. என்ன பார்க்கிறாய் என்று எனக்கு எழுது.

அந்த ஆறில் ஒன்றில்தான் உன் அத்தான் உட்கார்ந்திருக்கிறார், கட்டைக்காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு. கண்டக்டராக வேலைக்காலம் முழுவதும் நின்றே சம்பாதித்தவர், இப்போது உட்காரப் பழகுகிறார். பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். வீட்டில் ஒன்று மட்டும்தான் அடிக்கிறார். வண்டி நான்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

ம்.

கோபப்படாதே, இன்னும் இருக்கிறது. நான் நலம். அத்தானும் நீயும் நலம் என்று படித்ததும்தான் தெம்பு வந்தது.

என் அறை மூன்றாவது மாடியில். நாலு கட்டில், ஒரு ஜன்னல், ஒரே ஒரு நாற்காலி. கூட இருப்பவர்கள் ஒரு சமையல்காரர், ஒரு வெல்டர், கப்பலிலிருந்து இறங்கி இனிமேல் ஏறுவதில்லை என்று முடிவெடுத்த ஒரு பெரியவர். மூவரும் மூன்று தேசம். எங்களுக்குள் பேச்சு முக்கால்வாசி கையால்தான்.

கீழ்வாசல் கதவு தள்ளினால் திறக்கும். நான் தினமும் இழுக்கிறேன். ஆள்தான் இங்கே வந்திருக்கிறேன், கை இன்னும் நம் வீட்டுக் கதவைத்தான் திறந்துகொண்டிருக்கிறது. வெல்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று "இன்னைக்காவது?" என்று ஜாடையால் கேட்பார். இன்றைக்கும் இல்லை.

பட்டறையில் பொது இடங்களுக்கான இருக்கைகள் செய்கிறோம். நூலகம், ஆஸ்பத்திரி, பஸ் நிறுத்தம். மேஸ்திரி ஓர் அம்மா. மேஸ்திரியம்மா முதல் வாரம் வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்து, "உட்கார ஏதாவது ஒண்ணு வரைஞ்சு காட்டு" என்றார். நான் சாயங்காலம் வரை யோசித்து நம் வீட்டு நாற்காலியை வரைந்தேன். நாலு கால், ஒரு முதுகு, முன்னங்கால் இரண்டையும் கீழே சேர்க்கிற குறுக்குக் கட்டை.

"ஏன் நாலு கால்?" என்று கேட்டார்.

நாற்காலின்னாலே நாலு கால்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த ஊர்ப் பேச்சில் அந்தப் பொருளின் பெயரில் காலே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. "அப்படித்தான்" என்றேன். அவர் திட்டவில்லை. மறுநாள் என்னை உப்புத்தாள் தேய்க்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கேயேதான் இருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அக்கா.

அத்தானிடம் ஒன்று சொல், சிரிப்பார். இங்கே சில பஸ் நிறுத்தங்களில் பெஞ்சே இல்லை. இடுப்பு உயரத்தில் சரிவாக ஒரு பலகை, அவ்வளவுதான். உட்காரவும் முடியாது, நிற்கவும் வேண்டாம். சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். இவ்வளவு பெரிய ஊருக்கு ஒரு முழு பெஞ்சு போட வக்கில்லை!

அன்புடன்,
தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமானதற்கு வீட்டு வேலைதான் காரணம், வேறொன்றும் இல்லை. நீ பயந்து எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது.

ஒரு வருஷம் பள்ளியில் ஒரு சுவரை மட்டும் இடித்துக் கட்டினார்கள். என் வகுப்பைத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. கரும்பலகை பின்சுவருக்குப் போனது, கடைசி பெஞ்சு முதல் பெஞ்சானது. அதே அறையில் வருஷக்கணக்காகப் படித்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இந்த ஜன்னல் எப்ப வச்சாங்க?" என்று கேட்டாள். ஜன்னல் கட்டிடம் கட்டிய நாளிலிருந்தே இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அவ்வளவுதான்.

நீ இப்போது திருப்பிப் போட்ட வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாய். கதவு இடிக்கும், பெயர் புரியாது, கை தப்பான பக்கம் போகும். பயப்படாதே. அவசரப்பட்டுப் பழகியும் விடாதே. பழகினால் ஜன்னல் மறுபடி மறைந்துவிடும்.

அந்தச் சாய்வுப் பலகையைப் பற்றி உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "என்ன உயரம்னு கேளு டீச்சர்" என்றார். எதற்கென்று தெரியவில்லை. அவர் நன்றாக இருக்கிறார். கொஞ்சம் அசதி, அவ்வளவே.

மருந்தெண்ணெய் பார்சலில் வைத்திருக்கிறேன். நெஞ்சில் தேய்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜன்னல் கதை வந்த நாளிலிருந்து நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் தூங்குகிறேன். ஆனால் விழித்திருக்கும்போது முன்னைவிட அதிகமாக விழித்திருக்கிறேன்.

எங்கள் அறையின் ஒற்றை நாற்காலியை எடுத்துக்கொள். வெல்டர் அதன்மேல் குத்தவைத்து உட்காருகிறார். சமையல்காரர் அதைத் திருப்பிப் போட்டு, முதுகைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். கப்பல்காரப் பெரியவர் உட்காருவதே இல்லை, தரையில் படுத்துக் காலை மட்டும் அதன்மேல் தூக்கி வைக்கிறார். நான் சம்மணம் போடுகிறேன். ஒரு நாற்காலி, நாலு நாற்காலி! இத்தனை வருஷம் நாற்காலி செய்திருக்கிறேன், ஒரு நாளாவது ஆள் உட்காருவதை நின்று பார்த்திருக்கிறேனா?

பட்டறையில் ஒருவரிடம் ஒரு ரம்பம் இருக்கிறது. அது தள்ளினால் அறுக்காது. இழுத்தால்தான் அறுக்கும். அவர்கள் ஊரில் எல்லா ரம்பமும் அப்படியாம். கையில் வாங்கி இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் போவது போலப் போயிற்று. எனக்குத் தலை சுற்றியது, அக்கா. ரம்பமே வேறு மாதிரி இருக்கலாம் என்றால், இந்த உலகத்தில் வேறு மாதிரி இருக்க முடியாதது எதுதான்?

அந்தச் சூட்டோடு போய் மேஸ்திரியம்மாவிடம் மறுபடி தாள் கேட்டேன். மறுபடி அதே நாற்காலிதான் வந்தது. அவர் முன்னங்கால்களைச் சேர்க்கிற அந்த முன்கட்டையில் விரலை வைத்தார்.

"இது எதுக்கு?"

"அப்படித்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "தெரியலை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் நான் சொன்ன முதல் சரியான பதில் அதுதான் போலிருக்கிறது. அதேபோல ஒரு பழைய நாற்காலியைக் கொண்டுவந்து, ரம்பத்தை என் கையில் கொடுத்து, "எடுத்துடு. விழுதான்னு பாப்போம்" என்றார்.

அறுத்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் முட்டுக் கொடுத்ததும் நாற்காலி கம்பீரமாக நின்றது. உட்கார்ந்தேன். என் பாதம் இரண்டும் தானாகப் பின்னால் நகர்ந்து இருக்கைக்கு அடியில் போயின. அவ்வளவு நாள் அந்தக் கட்டை அவற்றைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாதம் உள்ளே போனதும், எழவேண்டும் என்று நினைப்பதற்குள் எழுந்து நின்றிருந்தேன். கையை ஊன்றவில்லை. முக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளிவிட்டது போல இருந்தது.

மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பைத்தியக்காரன் மாதிரி எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. ஒரு கட்டையை எடுத்ததற்கு இவ்வளவா!

அந்தப் பலகையின் உயரம் அத்தானுக்கு: என் இடுப்பு எலும்புக்கு நாலு விரல் கீழே.

தம்பி


மார்ச் 29

தம்பி,

கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன். நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

அந்த நாற்காலியில் கனமான ஆள் உட்கார்ந்தால் தாங்குமா? ஒரு கால் மட்டும் பலமாக இருக்கிற ஆளால் எழ முடியுமா? வயதானவர் முன்பக்கம் கவிழ்ந்துவிட மாட்டாரே? கைப்பிடி வைக்கலாமா? இருக்கை உயரமாக இருந்தால் நல்லதா, தாழ்வாக இருந்தால் நல்லதா?

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காகக் கேட்கிறேன். பாவம், சிரமப்படுகிறார். சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உப்புத்தாளிலிருந்து விடுதலை. இப்போது மாதிரி செய்து பார்க்கும் மேசையில் எனக்கும் ஓர் ஓரம் கொடுத்திருக்கிறார்கள்.

உன் கேள்விகளுக்குப் பதில். கனம் தாங்கும். இருக்கை உயரமாக இருந்தால் எழுவது சுலபம். கைப்பிடி வேண்டும், அதுவும் முழங்காலுக்கு முன்னால் வரை நீண்டிருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் பலம் என்றால் யோசிக்க வேண்டும். எழுவதற்கும் நிற்பதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் ஆள் விழுவார். அந்த இடத்துக்கு நாற்காலியில் எதுவுமே இல்லை.

இப்போது என் கேள்வி. பக்கத்து வீட்டில் கல்யாணமாகாத அண்ணன் தம்பிதானே குடியிருந்தார்கள்? அவர்களுக்குத் தாத்தா எப்போது முளைத்தார்?

இன்னொன்று. போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு விசில் கேட்டது. "அப்புறம் பேசறேன்" என்று நீ வைத்துவிட்டாய். அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். என்னை எதையும் கவனிக்கத் தெரியாத அச்சு என்று நினைத்திருந்தால் தப்பு உன்னுடையதில்லை. ஆனால் கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொன்னது நீதான்.

அத்தானுக்கு என்ன?

தம்பி


ஜூன் 2

அக்கா,

பதில் இல்லை. போனில் கேட்டால், "எழுதறேன்டா, எழுதறேன்" என்கிறாய். அத்தானிடம் கொடு என்றால் தூங்குகிறார் என்கிறாய். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஒரு கண்டக்டர் எப்படித் தூங்க முடியும்?

மேஸ்திரியம்மாவிடம் லீவு கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல், கிளம்பிவிடுகிறேன். ஒப்பந்தம் போனால் போகட்டும்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

கிளம்பாதே. முதலில் இதை முழுவதும் படி.

நீ விமானம் ஏறிய மறுவாரம் உன் அத்தானுக்கு வலது பக்கம் வாதம் தாக்கியது. பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. கை முக்கால்வாசி வந்துவிட்டது. கால்தான் வரவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "சொன்னா அடுத்த வண்டி புடிச்சு வந்து நிப்பான். பாதி வழியில இறங்கினவனுக்கு மறுபடி சீட்டு கிடைக்காது டீச்சர்" என்றார்.

டாக்டர் பொறுமையானவர், எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவராகவே எழுந்து எழுந்து நின்றால் காலுக்குப் பலம் திரும்பும். நான் தூக்கி நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் கால் தன் பாடத்தைக் கொஞ்சம் மறக்கும். இந்த வருஷத்துக்குள் அவராக எழுந்து நிற்காவிட்டால் பிறகு கட்டில்தான். இதைக் கேட்ட பின்பும் நான் தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். வேறு என்ன செய்வேன்? "தூக்கு" என்று அவர் வாயால் கேட்க மாட்டார். அதற்குத்தான் அந்த விசில். ஒன்று அடிப்பார், நான் போவேன்.

ஏப்ரலில் இருவரும் சேர்ந்து விழுந்தோம். அவருக்கு ஒன்றும் இல்லை. என் மணிக்கட்டில் கட்டுப் போட்டார்கள். அதுதான் எழுதவில்லை. கீழே கிடந்தபடியே, "டீச்சர், வண்டி கவுந்துடுச்சு. பயணிகள் எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டார். சிரித்தேன். பிறகு அவருக்குத் தெரியாமல் சமையலறையில் நின்று அழுதேன்.

நீ வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இப்போது நான் ஒருத்தி தூக்குகிறேன், அப்போது இருவர் தூக்குவோம். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மார்ச் மாதம் நீ எழுதினாயே, பாதம் உள்ளே போனதும் தானாக எழுந்துவிட்டேன் என்று, அதை வாசித்த அன்று உன் அத்தான் தன் காலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருப்பது நீ செய்த நாற்காலி. முன்கட்டை அவர் குதிகாலில் இடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு இங்கே வந்து தூக்குகிற தம்பி வேண்டாம். அங்கே இருந்து பார்க்கிற தம்பிதான் வேண்டும்.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு லீவுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதைச் செய்ய எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பதை எழுத மாட்டேன். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

முதல் காரியமாக அறையில் என் வலது காலைப் பலகை வைத்துக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழப் பார்த்தேன். சமையல்காரர் உள்ளே வந்து, "அடி பட்டிருச்சா?" என்றார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அக்கா வீட்டுக்காரர் போல எழப் பார்க்கிறேன் என்று ஜாடை காட்டினேன். அவர் போய்த் தன் காலையும் கட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் வெல்டர். அப்புறம் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாலு ஆண்பிள்ளைகள் ஒற்றைக்காலில் எழுந்து எழுந்து கட்டிலில் விழுந்தோம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் திறந்தார், பார்த்தார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

விழுந்தது எல்லாம் ஒரே இடத்தில்தான். பாதி எழுந்து, இடுப்பு காற்றில் தொங்குகிற அந்த இடத்தில். கப்பல்காரர்தான் விழுந்த இடத்திலிருந்து கேட்டார், "கண்டக்டர்னா, ஓடற வண்டியில எப்படி நிப்பார்?"

அக்கா, அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது. அத்தான் வண்டியில் எவ்வளவோ தடவை வந்திருக்கிறேன். திருப்பத்தில் நாங்கள் எல்லாரும் கம்பியில் தொங்குவோம். அவர் கம்பியைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, கால் அகட்டி, இடது இடுப்பைச் சீட்டின் விளிம்பில் சாய்த்து நிற்பார். நின்றார் என்றும் சொல்ல முடியாது, உட்கார்ந்தார் என்றும் சொல்ல முடியாது. பிப்ரவரியில் நான் கேலி செய்தேனே, அந்தப் பஸ் நிறுத்தப் பலகை, அது அத்தானின் இடுப்பு! அவர் அன்றைக்கே கண்டுகொண்டார். உயரம் கேட்டாரே!

இதோடு உள்ள பெரிய தாளை விரித்துப் பார். முன்கட்டை கிடையாது. இருக்கை நம்முடையதைவிட உயரம். நல்ல பக்கத்துக் கைப்பிடி, அதாவது இடது கைப்பிடி, முழங்காலோடு நிற்காது. முன்னால் நீண்டு, மெல்ல மேலேறி, இடுப்பு உயரத்தில் சரிவான பலகையாக முடியும். எழும்போது கை அதன் வழியே ஏறும். கை போன வழியில் இடுப்பு போய்ச் சாயும். அங்கே மூச்சு வாங்கலாம். பிறகு நிற்கலாம். கவிழாமல் இருக்க, காலில் இடிக்காமல் பக்கவாட்டில், தரையோடு நீளமாக ஒரு கட்டை. அளவெல்லாம் நிஜ அளவிலேயே வரைந்திருக்கிறேன். அங்கே உள்ள தச்சர் தாளை மரத்தின்மேல் வைத்து அறுத்தால் போதும்.

மேஸ்திரியம்மா இந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இதை எங்கே பார்த்தே?" என்று கேட்டார்.

"எங்கேயும் பார்க்கலை" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கே கேட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது, அக்கா. பிறந்ததிலிருந்து நான் செய்த எதைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது இது? அங்கேயே இருந்திருந்தால் எனக்கு இந்தப் பலகை தெரியாது. இங்கேயே பிறந்தவனுக்கு அத்தானைத் தெரியாது. இரண்டு இடத்துக்கும் நடுவில், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் ஒருத்தன் நின்றுகொண்டிருந்ததால் அல்லவா இது வந்தது! இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. என் வழியாக நடந்து போனது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

அது செய்து முடியும்வரை சும்மா இருக்காதீர்கள். அத்தானை வேறிடத்தில் உட்காரவைத்துவிட்டு, என் நாற்காலியின் முன்கட்டையை அறுத்து, பக்கவாட்டில் முட்டுக் கொடுக்கச் சொல். நான் செய்ததுதானே, நானே சொல்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் அறைக்காரர்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். அவர்கள் பெயர் தெரியாது, முகம் தெரியாது. என் புருஷனுக்காகக் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தவர்கள். காலையில் எழுந்ததும் அவர்களை நினைக்கிறேன்.

நம் தச்சர் உன் தாளைத் தரையில் விரித்து அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "டீச்சரம்மா, இது நாற்காலியா, படிக்கட்டா? தம்பி பாதி வரைஞ்சுட்டு வேற யோசனைக்குப் போயிட்டாரா?" என்றார். வரைந்தபடி செய்யுங்கள் என்றேன். செய்துகொண்டு வந்து, தானே உட்கார்ந்து, தானே எழுந்து, பலகையில் சாய்ந்து நின்றார். கூலி வாங்க மறந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

உன் அத்தான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இதுல ஏறணுமா, இறங்கணுமா?" என்று கேலி பேசினார். முதல் வாரங்களில் பாதம் உள்ளே போகும், உடம்பு முன்னால் வரும், அந்த இடத்தில் பயந்து பின்னால் சாய்ந்துவிடுவார். நான் கையை நீட்டாமல் நிற்கப் பழகினேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தின காலத்தில்கூட இவ்வளவு கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. விழுந்துவிடுவாரோ என்று கை துடிக்கும். முந்தானையில் சுற்றி வைத்துக்கொள்வேன்.

முந்தாநாள் காலை சமையலறையில் இருந்தேன். ஒரு விசில் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்தேன். வழக்கம்போல "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

இரண்டாவது விசில் கேட்டது.

தம்பி, இரண்டு என்றால் வண்டி கிளம்ப வேண்டும். நோய் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டாவது விசில் கேட்டதில்லை. ஓடவும் பயமாக இருந்தது, நிற்கவும் பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தார். கால் அகட்டி, இடது இடுப்பைப் பலகையில் சாய்த்து, இரண்டு கையும் காற்றில். ஒரு கை டிக்கெட்டுக்கு, ஒரு கை சில்லறைக்கு. ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த நிறுத்தம் தெரிகிற மாதிரி. நாற்காலியா இது என்று தோன்றியது. அந்தக் காலத்து ஆளையே உள்ளே வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறாயே!

நான் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அவராகத் திரும்பி என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், ஏறலையா?" என்றார்.

மீதியை அவரே எழுதுவாராம். காகிதத்தைப் பிடுங்குகிறார்.

அக்கா


அதே நாள்

மச்சானுக்கு,

நின்றுகொண்டு எழுதுகிறேன். கோடு சாய்ந்திருந்தால் வண்டி திரும்புகிறது என்று வைத்துக்கொள்.

உன்னிடம் மறைத்ததற்கு என்னைத் திட்டு, உன் அக்காவைத் திட்டாதே. அறுத்தெடுத்த முன்கட்டையைத் தூக்கிப் போட மனசில்லை, முதுகு சொறிய வைத்திருக்கிறேன். அதற்கு ரொம்ப நல்ல அளவு. இனிமேல் உன்னை அச்சு என்று கூப்பிட முடியாது. வேறு பெயர் அகப்படும்வரை மச்சான்தான்.

காலுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்தார். என்னைவிட நாற்காலியைத்தான் அதிக நேரம் பார்த்தார். போகும்போது, "கட்டில் விஷயத்தை மறந்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். என்னை எத்தனையோ பேர் தினமும் பஸ்ஸில் பார்த்தார்கள். உன் அக்கா பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். நானே நின்றேன், நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. நீ அவ்வளவு தூரம் போன பிறகு அது எப்படியடா உன் கண்ணில் பட்டது? ராத்திரியும் பகலும் இதையே நினைத்துப் பார்க்கிறேன். விடை தெரியவில்லை. தெரியாமல் இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிகிறவரை வராதே. வரும்போது அந்தக் கப்பல்காரரைக் கூட்டிக்கொண்டு வா. எங்கள் வண்டியில் அவருக்கு எப்போதும் சீட்டு உண்டு.

இது கிடைத்த மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்கு. பலகை காலியாக இருந்தால் எனக்காக ஒரு நிமிஷம் சாய்ந்து நில். காலியாக இல்லாவிட்டால், சாய்ந்திருக்கிறவர் இடுப்பைப் பார்.

ரைட்.

அத்தான்